ஒரே நகரம், ஏழு ஆண்டுகள்: ‘டிராகன் ஏஜ் 2’ பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2011 மார்ச்சில் வெளியான ‘டிராகன் ஏஜ் 2’ அளவுக்குத் திட்டு வாங்கிய இரண்டாம் பாகங்கள் ரோல்-பிளேயிங் கேம் உலகில் குறைவு. அந்தத் தொடரின் ஆகச்சிறந்த குடும்பக் கதை அதில்தான் இருக்கிறது, உடன் வருபவர்களோடு பழகும் முறையும் அதில்தான் உச்சத்தைத் தொட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இந்த இரண்டும் எப்படி ஒரே கேமில் நிகழ்ந்தன என்று பார்ப்பதே இந்த ஆய்வின் வேலை.

சென்னையில் கேம் தயாரிப்பில் இருக்கும் நாங்கள் சிலர் வார இறுதிகளில் கூடி, பழைய கேம் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஆளுக்கொரு பாத்திரமாக விளையாடிவிட்டு விவாதிப்பது வழக்கம். நான் குவெஸ்ட், அதாவது கேமுக்குள் விளையாடுபவருக்குத் தரப்படும் கதைப் பணிகளை எழுதுகிறவன். குழுவில் லெவல் வடிவமைப்பவர்களும் ஓவியர்களும் நிரல் எழுதுபவர்களும் உண்டு. இந்த கேமை எடுத்துக்கொள்ள ஒரு காரணம் இருந்தது. சொந்தமாகக் கதை சொல்ல வேண்டும் என்ற கனவோடு வரும் இளைஞர்களுக்குக் கிடைப்பது குறைந்த காலமும் குறைந்த ஆட்களும்தான். ‘டிராகன் ஏஜ் 2’ ஒரு பெரிய நிறுவனத்தின் தயாரிப்பு என்றாலும், அதன் உண்மையான பிரச்சினை எங்களுடைய பிரச்சினையே: கையில் நேரம் இல்லை.

பின்னணி

கனடாவின் எட்மன்டன் நகரில் உள்ள பயோவேர் நிறுவனம் முதல் பாகமான ‘டிராகன் ஏஜ்: ஆரிஜின்ஸ்’ கேமை 2009 நவம்பரில் வெளியிட்டது. 2004-லேயே அறிவிக்கப்பட்டு, ஐந்தாண்டுகளுக்கும் மேலாக உருவான கேம் அது. விளையாடுபவர் மனிதராகவோ, எல்ஃபாகவோ, குள்ளராகவோ இருக்கலாம். தொடக்கத்தில் ஆறு வெவ்வேறு பூர்வகதைகள். ஒரு நாட்டையே சுற்றி வரும் பெரும் பயணம். அது பெரும் வரவேற்பைப் பெற்றது.

2010 மார்ச்சில் ‘அவேக்கனிங்’ என்ற நீட்சி, அதாவது கூடுதல் கதைப் பகுதி வந்தது. அடுத்த ஆண்டே, 2011 மார்ச் 8 அன்று, வட அமெரிக்காவில் இரண்டாம் பாகம் கடைக்கு வந்துவிட்டது. முதல் பாகத்துக்கும் இதற்கும் இடைவெளி வெறும் 16 மாதங்கள். பயோவேரின் உரிமையாளரான எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்தின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பயோவேரின் இன்னொரு பெரிய தயாரிப்பான ‘ஸ்டார் வார்ஸ்: தி ஓல்ட் ரிபப்ளிக்’ தள்ளிப்போய், 2011 டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது. அந்த இடைவெளியை நிரப்பப் பிறந்ததே இந்த கேம் என்று நிர்வாகத் தயாரிப்பாளர் மார்க் டாரா பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

ஆக, படைப்பாளிகள் முன்னால் இருந்த கேள்வி, முதல் பாகத்தைவிடப் பெரிதாக எதைச் செய்வது என்பதல்ல. அதில் ஒரு சிறு பங்கு நேரத்தில் எதைச் செய்ய முடியும் என்பதுதான். தலைமை வடிவமைப்பாளர் மைக் லெய்ட்லாவும் தலைமை எழுத்தாளர் டேவிட் கெய்டரும் எடுத்த முடிவு துணிச்சலானது. நாடு முழுக்கச் சுற்றும் கதையை விட்டுவிட்டு, கிர்க்வால் என்ற ஒற்றைத் துறைமுக நகரத்தில், ஹாக் என்ற ஒருவரின் ஏழாண்டு வாழ்க்கையைச் சொல்வது. கதையைச் சொல்பவன் வாரிக் என்ற குள்ளன். விசாரணை செய்யும் கசாண்ட்ராவிடம் அவன் வாக்குமூலம் கொடுப்பதுபோல் எல்லாமே நகர்கிறது. நடுநடுவே மூன்றாண்டுகள் தாவிச் செல்லலாம். வாரிக் மிகைப்படுத்தவும் செய்வான். ஆரம்பத்தில் ஹாக் அசுர பலத்தோடு எதிரிகளை வீசி எறியும் காட்சியை, “பொய் சொல்லாதே” என்று கசாண்ட்ரா இடைமறித்த பிறகுதான் உண்மைக் கதை தொடங்குகிறது. செலவைக் குறைக்கும் உத்தியாகவும் கதைக்கு அழகாகவும் ஒரே நேரத்தில் அமைந்த ஏற்பாடு இது.

நிறைகள்

ஹாக் குடும்பம் போரிலிருந்து தப்பிக் கப்பலேறி வரும் அகதிக் குடும்பம். வழியிலேயே உடன்பிறப்புகளில் ஒருவர் இறந்துவிடுகிறார். நீங்கள் மந்திரவாதியாக விளையாடினால் தங்கை பெத்தனி சாகிறாள், இல்லையென்றால் தம்பி கார்வர். கிர்க்வால் வாசலில் இறங்கினால், ஏற்கெனவே கூட்டம் அதிகம், உள்ளே இடமில்லை என்கிறார்கள். கடல் தாண்டி வந்து கரையில் காத்திருப்பவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்தக் காட்சி அந்நியமாக இராது. கூலிப்படைக்கோ கடத்தல்காரிக்கோ ஓராண்டு அடிமை உழைப்பு உழைத்துத்தான் ஊருக்குள் நுழைய முடிகிறது. அம்மாவின் பூர்விக வீட்டை மாமா கடனில் தொலைத்துவிட்டார். உலகைக் காப்பாற்றும் இலட்சியம் எதுவும் ஹாக்குக்கு இல்லை. ஒரு சுரங்கப் பயணத்தில் பங்குபோட ஐம்பது பொற்காசு சேர்க்க வேண்டும், அவ்வளவுதான். பெரும்பாலான ரோல்-பிளேயிங் கேம்களில் காணக் கிடைக்காத இந்தச் சிறிய இலக்குதான் கேமின் மூன்று அங்கங்களில் முதல் அங்கத்தை இவ்வளவு நெருக்கமாக்குகிறது.

இரண்டாவது, உடன் வருபவர்களோடு உள்ள உறவு. முதல் பாகத்தில் ஒருவருக்குப் பிடித்ததைச் சொன்னால் மதிப்பு ஏறும், பிடிக்காததைச் சொன்னால் இறங்கும். எனவே எல்லோருக்கும் பிடித்த மாதிரி பேசி, பரிசுப் பொருள் கொடுத்துச் சரிக்கட்டுவதே விளையாட்டாகிவிட்டது. இரண்டாம் பாகத்தில் அளவுகோலின் ஒரு முனையில் நட்பு, மறுமுனையில் எதிர்நிலை. எதிர்நிலையை முழுமையாக எட்டினாலும் பலன் உண்டு. அவர் உங்களை விட்டுப் போய்விடுவார் என்ற பயமும் பெரும்பாலும் இல்லை. மெரில் என்ற எல்ஃப் பெண், தன் இனத்தின் உடைந்த மாயக் கண்ணாடியை இரத்த மந்திரத்தால் சீர்செய்தே தீருவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நண்பராக இருந்தால் அவளுக்குத் துணை நிற்கலாம். எதிர்நிலையில் இருந்தால், “இது உன்னை அழித்துவிடும்” என்று ஆண்டுக்கணக்கில் மன்றாடலாம். இரண்டுமே அக்கறையின் வடிவங்களாகவே எழுதப்பட்டிருக்கின்றன. கருத்து வேறுபாட்டோடு ஒருவரை நேசிக்க முடியும் என்பதை ஓர் எண்ணளவுகோலுக்குள் கொண்டுவந்தது சாதாரண வேலை இல்லை. 2011-க்குப் பிறகு வந்த கேம்கள்கூட இதை அவ்வளவாகக் கையிலெடுக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

இந்த அளவுகோல் வெறும் அலங்காரமாகவும் நின்றுவிடவில்லை. இரண்டாம் அங்கத்தின் முடிவில் குனாரி என்ற அந்நிய இனத்தின் படைத்தலைவன் அரிஷோக் நகரத்தைக் கைப்பற்றி, ஆட்சியாளரின் தலையைச் சபை நடுவே உருட்டுகிறான். அவன் தேடிவந்த புனித நூலைத் திருடியவள், ஹாக்கின் உடன் வருபவர்களில் ஒருத்தியான இசபெலா. அவள் நூலோடு ஓடிவிடுகிறாள். அவளோடு நீங்கள் போதுமான அளவு பழகியிருந்தால் மட்டுமே, அந்த நேரத்தில் நூலைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவாள். இல்லையென்றால் கதை முடியும்வரை அவளைப் பார்க்க முடியாது. ஆண்டுக்கணக்கான சிறு சிறு பேச்சுகள் ஒரு கதவு திறப்பதில் வந்து முடிகின்றன.

ஹாக்கின் குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆரிஜின்ஸ் நாயகன் வாய் திறப்பதில்லை. ஹாக் பேசுகிறார். பதில் சொல்லும் சக்கரத்தில் சமாதானம், கேலி, கடுமை என்று மூன்று தொனிகளுக்கும் குறியீடுகள் உண்டு. நீங்கள் எந்தத் தொனியை அதிகம் தேர்கிறீர்கள் என்பதை கேம் கணக்கு வைத்துக்கொண்டு, நீங்கள் தேர்வு செய்யாத இடங்களிலும் ஹாக்கை அதே சுபாவத்தோடு பேச வைக்கிறது. எங்கள் குழுவில் கேலி ஹாக்கும் கடுமை ஹாக்கும் ஒரே சண்டைக்கு முன் பேசியதை அருகருகே வைத்துப் பார்த்தபோது, இரண்டு வேறு மனிதர்கள் என்றே தோன்றியது.

வெள்ளை லில்லிகள்

இந்த கேமின் உச்சம் என்று நான் கருதும் குவெஸ்டைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும். முதல் அங்கத்தில், காணாமல் போன மனைவியைத் தேடச் சொல்லி ஒருவன் கேட்கிறான். தேடினால், மோதிரம் அணிந்த வெட்டப்பட்ட கை ஒன்றுதான் கிடைக்கிறது. மற்ற சில்லறை வேலைகளோடு சேர்த்து அதையும் முடித்துவிட்டுப் போய்விடுகிறோம். மூன்றாண்டுகள் கழித்து, எமெரிக் என்ற வயதான டெம்ப்ளர் (மந்திரவாதிகளைக் காவல் காக்கும் படைவீரர்), கொலைகாரன் இன்னும் நடமாடுகிறான், பலியாகும் பெண்களுக்கு முதலில் வெள்ளை லில்லிகள் வருகின்றன என்கிறார். யாரும் அவரை நம்பவில்லை. அவரும் கொல்லப்படுகிறார். பிறகு ஒருநாள் வீட்டுக்குப் போனால் அம்மா லியாண்ட்ரா இல்லை. யாரோ பூ அனுப்பியிருக்கிறார்கள். வெள்ளை லில்லிகள்.

அவரைக் காப்பாற்ற முடியாது. முன்பு எந்த முடிவை எடுத்திருந்தாலும் முடியாது. இறந்த மனைவியை மற்ற பெண்களின் உடல் பாகங்களால் மீண்டும் தைத்தெடுக்க முயலும் மந்திரவாதி, முகத்துக்காக லியாண்ட்ராவைத் தேர்ந்திருக்கிறான். கடைசி நிமிடத்தில் அம்மாவிடம் பேச வாய்ப்பு இருக்கிறது. பிறகு வீடு. இருண்ட அறையில் உட்கார்ந்திருக்கும் ஹாக்கைத் தேடி, நெருங்கிய துணை ஒருவர் வந்து பக்கத்தில் அமர்கிறார்.

இந்தக் குவெஸ்ட் ஏன் இவ்வளவு வலுவாக இருக்கிறது? முதல் அங்கத்தில் விதை, இரண்டாம் அங்கத்தில் அறுவடை. நடுவே மூன்றாண்டுகள் சும்மா கடந்ததற்கு அர்த்தம் வந்துவிடுகிறது. நாம் மறந்த ஒன்று நம்மை மறக்காமல் அந்த நகரத்திலேயே வளர்ந்துகொண்டிருந்தது. ஒரே ஊரில் நீண்ட காலம் வாழ்வது பற்றிய கேம் என்ற வாக்குறுதி முழுமையாக நிறைவேறும் இடம் இதுதான். மற்ற இடங்களில் அந்த வாக்குறுதி என்ன ஆயிற்று என்பதுதான் அடுத்த பகுதி.

குறைகள்

எல்லோரும் முதலில் சொல்லும் குறை, ஒரே குகை. ‘டிராகன் ஏஜ் 2’-இல் ஒரு குகை, ஒரு கிடங்கு, ஒரு மாளிகை, ஒரு சாக்கடைச் சுரங்கம் என்று சில இடங்களே இருக்கின்றன. அவையே வெவ்வேறு பெயரில் திரும்பத் திரும்ப வருகின்றன. மாற்றம் என்பது, நுழைவாயில் மாறியிருக்கும் அல்லது ஒரு கதவு கற்பலகையால் அடைபட்டிருக்கும். அதைவிட மோசம், மூலையில் தெரியும் மினிமேப்பில் குகையின் முழு வடிவமும் அப்படியே இருக்கிறது. கல்லுக்குப் பின்னால் அறை உண்டு என்று மேப் சொல்கிறது, கல்லோ வழிவிட மறுக்கிறது. குழுவில் லெவல் வடிவமைக்கும் தம்பி, “அண்ணா, இதே திருப்பத்தில்தான் போன தடவை சிலந்தி வந்தது” என்று சொல்லி முடிப்பதற்குள் சிலந்தி வந்தது. அந்த நொடியில் நம்பிக்கை அறுந்துபோகிறது.

ஆனால் மறுபயன்பாட்டையே குற்றமாகச் சொல்லும் விமர்சனத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. 2000-இல் நின்டெண்டோ வெளியிட்ட ‘மஜோராஸ் மாஸ்க்’ இதே நெருக்கடியில் பிறந்தது. 1998-இல் வந்த ‘ஆக்கரினா ஆஃப் டைம்’ கேமின் உருவங்களையே எடுத்துக்கொண்டு, சுமார் ஓராண்டில் முடிக்கப்பட்டது. அங்கே ஒரு சிறு ஊரும் மூன்று நாள்களும் மீண்டும் மீண்டும் சுழல்கின்றன. ஊரில் ஒவ்வொருவரும் எந்த நாளில், எந்த மணிக்கு, எங்கே இருப்பார் என்பது தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. அதே தெருவுக்கு மறுபடி போவதுதான் விளையாட்டின் சாரம். ஜப்பானின் ‘யாகுசா’ தொடர் 2005 முதல் காமுரோச்சோ என்ற ஒரே கேளிக்கைப் பகுதியைப் பல பாகங்களில் பயன்படுத்தியிருக்கிறது. ரசிகர்கள் அதைச் சொந்த ஊர்போல் அறிந்திருக்கிறார்கள்.

கிர்க்வாலின் உண்மையான தோல்வி குகையில் இல்லை, தெருவில் இருக்கிறது. ஏழு ஆண்டுகள் கடக்கின்றன. ஊர் மாறுவதில்லை. கடைக்காரர் அதே இடத்தில் நிற்கிறார், சந்தை மூலையில் அதே மூட்டைகள், அதே கூட்டம் அதே அசையா நிலையில். குனாரிகள் தாக்கி நகரம் எரிந்த பிறகு மூன்றாண்டுகள் கழித்து வந்தால், அந்தப் பேரழிவின் தழும்பைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். சென்னையில் ஏழாண்டு என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். 2008-இல் ஊரை விட்டுப் போன ஒருவர் 2015 கடைசியில் திரும்பியிருந்தால், அண்ணா சாலையில் மெட்ரோவுக்காகப் போட்ட தகரத் தடுப்புகளையும், கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்குத் தலைக்கு மேலே ஓடும் ரயிலையும், டிசம்பர் வெள்ளம் சுவர்களில் விட்டுச்சென்ற கோட்டையும் பார்த்திருப்பார். வழி கேட்காமல் வீடு போய்ச் சேர்ந்திருக்க மாட்டார். கிர்க்வாலில் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்விடலாம்.

இதைச் சரிசெய்யப் பெரும் செலவு தேவைப்பட்டிருக்காது என்பதுதான் என் ஆதங்கம். எங்கள் விவாதத்தில் ஓவியர் அக்கா ஒருவர் ஒரு பட்டியலைச் சொன்னார். அகதிகள் தங்கிய முற்றத்தில் இரண்டாம் அங்கத்தில் தகரக் கூரைகள் ஏறட்டும், மூன்றாம் அங்கத்தில் டெம்ப்ளர்களின் காவல் சாவடி வரட்டும். ஒரு கடை பூட்டிக் கிடக்கட்டும், பக்கத்துக் கடையில் கடைக்காரரின் மகன் நிற்கட்டும். அதே சுவர், அதே தெரு, சில புதிய பொருள்கள். புதிய குகை ஒன்றைக் கட்டுவதைவிட இது மலிவு. குகை ஒன்றாகவே இருந்தாலும், முன்பு வந்ததை ஹாக் நினைவுகூர்ந்து ஒரு வரி பேசியிருந்தால் பாதி வலி குறைந்திருக்கும். கதை காலத்தைப் பற்றியது. காலம் தெரியும்படி வரைய அந்தக் கதையிலேயே இடம் இருந்தது. அதைப் பயன்படுத்தாமல் விட்டதைத்தான் நான் இந்த கேமின் மிகப் பெரிய குறையாகக் கருதுகிறேன்.

சண்டையைப் பற்றிச் சுருக்கமாக. வேகமும் துடிப்பும் கூடியிருக்கின்றன, வாள் வீச்சுக்குக் கனம் இருக்கிறது. ஒருவர் எதிரியை உறையச் செய்ய, இன்னொருவர் நொறுக்கும் கூட்டுத் தாக்குதல்கள் நன்றாக அமைந்திருக்கின்றன. ஆனால் எதிரிகள் அலை அலையாக வந்துகொண்டே இருக்கிறார்கள். முதல் கூட்டம் விழுந்ததும், கூரையிலிருந்து அடுத்த கூட்டம் குதிக்கிறது, அதுவும் உங்கள் முதுகுப் பக்கம். முதல் பாகத்தில் கதவோரம் காவலரை நிறுத்தி, மந்திரவாதியைப் பின்னால் வைத்துத் திட்டமிடுவதுதான் சுவை. இங்கே பின்னால் என்று ஓர் இடமே இல்லை. மேலிருந்து களத்தைப் பார்க்கும் கணினிப் பதிப்பின் பழைய கேமராவும் போய்விட்டது. சிறிய மேப்பில் சண்டையை நீட்டிக்க அலைகளைச் சேர்த்திருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படியென்றால் இதுவும் அதே நேரப் பற்றாக்குறையின் பிள்ளைதான்.

முடிவு

மூன்றாம் அங்கம் மந்திரவாதிகளுக்கும் அவர்களைக் காவல் காக்கும் டெம்ப்ளர்களுக்கும் இடையிலான மோதல். இதில், ஹாக்குடன் வரும் மந்திரவாதி ஆண்டர்ஸ் செய்வது மறக்க முடியாதது. ஒரு மருந்து தயாரிக்க வேண்டும் என்று சொல்லி, சில பொருள்களைச் சேகரிக்க உங்கள் உதவியைக் கேட்கிறான். பிறகு ஆலயத்தில் தலைமைத் துறவியிடம் சற்றுநேரம் பேச்சுக் கொடுக்கச் சொல்கிறான். நண்பனுக்காகச் செய்கிறோம். கடைசியில் அந்த ஆலயம் வெடித்துச் சிதறும்போதுதான், நம் கையாலேயே வெடிமருந்து சேர்த்துக் கொடுத்தோம் என்று புரிகிறது. விளையாடுபவரைக் குற்றத்தில் பங்காளியாக்கும் இந்த எழுத்தில் துளி வீணில்லை.

அதன்பின் வரும் ஒரு மணி நேரத்தில் எல்லாம் சரிகிறது. மந்திரவாதிகள் பக்கமா, டெம்ப்ளர்கள் பக்கமா என்று கேம் கேட்கிறது. எதைச் சொன்னாலும் இரு தலைவர்களோடும் சண்டையிட்டே ஆக வேண்டும். மந்திரவாதிகளின் தலைவர் ஓர்சினோவைக் காப்பாற்றப் போராடிக்கொண்டிருக்கும்போதே, அவர் பிணங்களைச் சேர்த்து ஓர் அரக்கனாக மாறி உங்களையே தாக்குகிறார். டெம்ப்ளர் தளபதி மெரெடித்தோ, சிவப்பு லிரியம் என்ற பொருளால் புத்தி பேதலித்தவள். இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்று ஏழாண்டுகள் கட்டிய வாதம், பைத்தியம் பிடித்த இருவரை வெட்டுவதோடு முடிகிறது.

இதில் எனக்கு ஆறவே ஆறாத ஒன்று உண்டு. அம்மாவைக் கொன்றவனின் ஒளிவிடத்தில் ‘ஓ’ என்று கையெழுத்திட்ட கடிதம் ஒன்று கிடைக்கும். அந்த ‘ஓ’ ஓர்சினோதான் என்பது முடிவில்தான் வெளிவருகிறது. அந்த ஆராய்ச்சியைப் பற்றி அவருக்கு முன்பே தெரியும். வெள்ளை லில்லிகளின் நூல் இங்கே வந்து சேர்வது எவ்வளவு பெரிய வாய்ப்பு! யாருக்காகப் போராடுகிறோமோ அவரே தாயின் சாவுக்கு மறைமுகமாகத் துணைபோனவர். ஆனால் ஹாக் அதைப் பற்றிக் கேட்க இடமே இல்லை. உடனே சண்டை தொடங்கிவிடுகிறது. இன்னும் இரண்டு மாதம் கிடைத்திருந்தால் அங்கே ஓர் உரையாடல் இருந்திருக்கும் என்று ஒரு குவெஸ்ட் எழுத்தாளனாக நான் நம்புகிறேன்.

வெளியான பின்

விற்பனை மோசமில்லை. இரண்டு வாரத்துக்குள் பத்து லட்சம் பிரதிகள் விற்றதாக எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அறிவித்தது. விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் விமர்சகர்களின் சராசரி, கணினிப் பதிப்புக்கு நூற்றுக்கு 80-ஐத் தாண்டியது. அதே தளத்தில் ரசிகர்கள் தந்த மதிப்பெண் அதில் பாதியளவே. இந்த இடைவெளிக்குக் கேமின் குறைகள் மட்டும் காரணம் அல்ல. தலைப்பில் ‘2’ என்று போட்டால், முதல் பாகத்தின் நாயகன், பரப்பு, இனத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை எல்லாம் கூடவே வரும் என்று ரசிகர்கள் எதிர்பார்ப்பது இயல்பு. அவர்களுக்குக் கிடைத்தது மனித ஹாக், ஒரே ஊர். வேறு பெயரோடு, ஒரு கிளைக்கதையாக வந்திருந்தால் இதே கேம் இன்னும் கனிவாக வரவேற்கப்பட்டிருக்கும்.

‘எக்ஸால்டட் மார்ச்’ என்ற பெரிய நீட்சி திட்டமிடப்பட்டுக் கைவிடப்பட்டது. மூன்றாம் பாகமான ‘இன்க்விசிஷன்’ 2014 நவம்பரில் வந்து, அந்த ஆண்டின் சிறந்த கேம் விருதை தி கேம் அவார்ட்ஸ் விழாவில் பெற்றது. வாரிக்கும் கசாண்ட்ராவும் அதில் முக்கியத் துணைவர்கள், ஹாக்கும் தலைகாட்டுகிறார். ஆனால் ‘ஒரே குகை’ என்ற வசவுக்குப் பதிலாக, அங்கே மேப்புகள் மிகப் பெரிதாகிவிட்டன. ஹின்டர்லாண்ட்ஸ் பகுதியில் மூலிகை பறித்தும் ஆட்டுக்கறி சேர்த்தும் களைத்துப்போனவர்கள் பலர். இடம் பெருகியது, நெருக்கம் குறைந்தது. நட்பும் எதிர்நிலையும் கொண்ட அளவுகோலையும் கைவிட்டு, பழைய ஏற்ற இறக்க முறைக்கே திரும்பிவிட்டார்கள். எந்தக் குறைக்காகத் திட்டு விழுந்ததோ அதைத் திருத்தும் வேகத்தில், யாரும் குறைசொல்லாத ஒன்றையும் சேர்த்து இழந்தார்கள்.

இப்போது முதல்முறையாக விளையாட நினைப்பவர்களுக்கு என் பரிந்துரை இது. சண்டைக் கடினத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளுங்கள். கீழே கிடக்கும் பொருளை எடுத்து யாரிடமோ ஒப்படைக்கும் சில்லறைக் குவெஸ்டுகளைத் தயங்காமல் விடுங்கள். துணைவர்களின் வீடுகளுக்கு அடிக்கடி போங்கள், குறைந்தது ஒருவரோடாவது எதிர்நிலையில் நில்லுங்கள். 2011 ஜூலையில் வந்த ‘லெகசி’ நீட்சியையும் சேர்த்தே வாங்குங்கள். அதில் இடங்கள் புதியவை. சண்டைகளும் கவனமாக வடிவமைக்கப்பட்டவை. ஹாக்கின் தந்தையைப் பற்றிய கதை என்பதால், உயிரோடு இருக்கும் தம்பியையோ தங்கையையோ கட்டாயம் உடன் அழைத்துச் செல்லுங்கள். கதை நெடுக அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்டால், இந்தக் குழுவுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தபோது என்ன செய்ய முடிந்தது என்பது தெரியும்.